வாங்கி வந்த வேர்

2012ஆம் ஆண்டு மாநாடொன்றிற்காகச் சியோல் நகருக்குச் சென்றிருந்தேன். அப்போது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்திருந்தது. திடீரென உடலெங்கும் வெம்மை பரவி வியர்த்துக் கொட்டும். ஆண்கள் நிறைந்த ஆசிரியபீடத்தில் இதை எப்படிச் சொல்வது? மின்விசிறியைக் குறைகூறிச் சமாளித்து வந்தேன். சியோலில் அது எடுபடவில்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்திலிருந்த கொரியப் பெண் நிருபர் கைக்குட்டையை நீட்டி, "கெங்நியொன்கி" என்றார். அவர்கள் மொழியில் மாதவிடாய் நிற்கும் பருவத்துக்கு அதுதான் பெயர். அவர் அதைச் சத்தமாகவே சொன்னார். கூசியவள் நான்தான்.

மறுநாள் கியொங்டொங் சந்தையருகே உள்ள மூலிகைத் தெருவுக்கு அழைத்துச் சென்றார். ஜின்செங், மான்கொம்பு, அதிமதுரம் என்று கடைகள் நீண்டன. பெண்களின் குருதிக்கு உகந்ததெனக் கொரியர் நெடுங்காலமாக நம்பும் 'தங்குயி' வேரில் ஒரு பொதி வாங்கினேன். ஹோ ஜுன் தொகுத்து 1613இல் அச்சான 'தொங்குயி போகம்' என்னும் 25 பாக மருத்துவ நூலின் மரபு அது. பழைமைக்கு நான் எளிதில் மயங்குகிறவள்.

பின்னர் கொரிய மருத்துவ நிலையமொன்றிற்குப் போனோம். இம்மருத்துவர்கள் பல்கலைக்கழகத்தில் ஆறு ஆண்டுகள் பயின்று, தனி அனுமதிப்பத்திரம் பெறுபவர்கள். அங்கிருந்த பெண் வைத்தியர் நாடியையும் நாவையும் பார்த்துவிட்டு, என்ன குளிசைகள் எடுக்கிறீர்கள் என்று கேட்டார்; நண்பி மொழிபெயர்த்தார். காலில் இரத்தம் கட்டியதால் வார்ஃபரின் எடுப்பதாகச் சொன்னேன். அதே காரணத்தால்தான் ஊரில் ஹோர்மோன் குளிசையை எனக்கு மறுத்திருந்தார்கள். மூலிகையே எனக்கு எஞ்சிய வழியென நம்பியிருந்தேன்.

அவர் பொதியை வாங்கித் தமது மேசை லாச்சியுள் வைத்துவிட்டார். அந்த வேர் வார்ஃபரினின் வீரியத்தைக் கூட்டி, இரத்தப்போக்கை உண்டாக்கக்கூடுமாம். அன்றிரவே அவித்துக் குடிக்க எண்ணியிருந்தேன்!

மருந்து எதுவும் தரவில்லை. உட்கணுக்காலுக்கு நான்கு விரலளவு மேலே மெல்லிய ஊசிகளைக் குத்தினார். எறும்புக் கடி போலிருந்தது. எத்தனை முறை வியர்க்கிறது, எப்போது விழிக்கிறீர்கள் என்று அரைமணி நேரம் கேட்டார். அந்த வாரம் மூன்று முறை போனேன். நன்றாக உறங்கினேன்.

ஊசியாலா? 2016இல் அவுஸ்திரேலியாவில் 327 பெண்களிடம் நடந்த ஆய்வு வெளியாயிற்று. மெய்யாகவே ஊசி குத்தப்பட்டோருக்கும், தோலைத் துளைக்காத போலி ஊசி வைக்கப்பட்டோருக்கும் வெம்மை ஏறக்குறைய ஒரேயளவில்தான் தணிந்தது. படித்தபோது எனக்கு ஏமாற்றமில்லை. அதுவரை என் சொந்த வைத்தியர்கூட அந்தக் கேள்விகளை என்னிடம் கேட்டதில்லை.

ஊர் திரும்பியும் வெம்மை ஈராண்டுகள் நீடித்தது. மின்விசிறியை மட்டும் பிறகு நான் குறைகூறவில்லை.