பெயரும் வயதும்

'அஸ்மாவுர் ரிஜால்' எனும் அறிவிப்பாளர் கலையைப் பயிற்றுவிக்கும்பொழுது மாணவர்க்கு நாம் முதலில் வற்புறுத்துவன இரண்டு: பெயரில் பிழை கூடாது, பிறப்பு இறப்புக் காலத்தில் பிழை கூடாது. இவற்றில் அடிக்கடி தவறுபவரின் அறிவிப்பை முன்னோர் ஐயத்துடனேயே நோக்கினர்.

அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் வளர்ந்தவர் சார்லி பார்க்கர் என்னும் கறுப்பின இசைமேதை. சாக்ஸஃபோன் வாசிப்பால் ஜாஸ் இசைக்கே புதுவழி வகுத்தவர். அந்நகரில் 1880 முதல் வெளிவரும் 'கன்சாஸ் சிட்டி ஸ்டார்' நாளேடு, அவர் வாழ்ந்த நாளில் அவரைப் பொருட்படுத்தவில்லை. 1955இல், 34ஆம் வயதில் அவர் மறைந்தபோதுதான் குறிப்பிடத்தக்க தலைப்பொன்று இட்டது. அதிலும் பெயர் பிழை, வயதும் பிழை!

2020 டிசம்பரில் அவ்வேடே தன் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தது. கறுப்பின மக்களைக் குற்றவாளிகளாகவே சித்திரித்து, அவர்தம் சாதனைகளை மறைத்தது தெரிந்தது. 1977 வெள்ளத்தில் 25 பேர் மாண்டிருக்க, கடைவீதியின் பொருட்சேதமே பெரிதாக எழுதப்பட்டதும் தெரிந்தது. யாவற்றையும் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டு, மன்னிப்பும் கோரியது.

இத்தனை ஆண்டுகளுக்குப்பின் இது எதற்கு என்பார் உளர். இறந்துபோன அறிவிப்பாளரின் குறையையும் நம் கிதாபுகள் பதிந்தே வைத்துள்ளன. அவர் சொல்லை நம்புவோர் இன்னும் இருக்கின்றனர் என்பதே காரணம். ஏட்டின் பழைய பக்கங்களுக்கும் அதே நியாயந்தான். பார்க்கரின் செவிக்கு அம்மன்னிப்பு எட்டாது. அவரூரில் இன்று வளரும் கலைஞரின் பெயரை, அவர் வாழும்போதே பிழையற அச்சிடுவதுதான் அதற்குரிய மெய்யான சான்று.