யாருக்கும் இனிக்காத செலவு

மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது என்று சொல்லும் இளம் குடும்பங்களிடம் நான் முதலில் கேட்பது, இதுவரை எதைக் குறைத்தீர்கள் என்பதைத்தான். இரண்டு பாக்கெட் பாலை ஒன்றாக்கினோம், பழம் வாங்குவதை விட்டுவிட்டோம், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவை நிறுத்திவிட்டோம் என்பார்கள். கொஞ்சம் துருவிக் கேட்டால் இன்னொன்றும் வெளியே வரும். அந்த வீட்டுப் பெண் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருப்பதை மோர் ஊற்றிப் பிசைந்து தின்றுவிட்டு எழுந்துவிடுகிறாள்.

வயிற்றில் கை வைத்துச் சேர்க்கும் பணத்தை நான் சேமிப்பு என்று ஒப்புக்கொள்வதில்லை. இன்று மிச்சமான முட்டைக்காசு நாளை ரத்தசோகை மாத்திரைக்குப் போகும். குடும்பம் நடத்திய இத்தனை வருடங்களில் நான் பிடித்துக்கொண்ட வழி வேறு. ஒரு செலவைப் பார்த்ததும், இந்தப் பணம் போனதால் வீட்டில் யாருக்காவது வயிறு நிறைந்ததா, மனசு குளிர்ந்ததா என்று கேட்டுக்கொள்வேன். ஆளில்லாத அறையில் சுற்றும் ஃபேன், பாத்திரத்தின் பக்கவாட்டில் எரியும் தீ, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் அழுகிய கத்தரிக்காய், தாமதத்துக்குக் கட்டும் அபராதம், கடனுக்குப் போகும் வட்டி, இவற்றில் எது யாருக்கு இனித்தது? கத்திரிக்கோலை அங்கே வையுங்கள். பால் பாக்கெட் பழையபடி இரண்டாகவே இருக்கட்டும்.

கரண்ட் பில்லிலிருந்து தொடங்குகிறேன். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். அதனால் நடுவில் என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பில் வந்ததும்தான் வீட்டில் சத்தம். 2024 ஜூலையில் உயர்ந்த கட்டணத்தை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் நின்றுவிட்டால் அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய் வீதம், அதற்கடுத்த 200க்கு 4.70, கடைசி 100க்கு 6.30. ஆக மொத்தம் 1,805 ரூபாய். இப்போது ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 2.35 சலுகை பறிபோகும். அந்த 100 யூனிட்டுக்கும் 4.70 கணக்காகும், 501வது யூனிட்டுக்கு 8.40. பில் 2,048 ரூபாய்க்கு ஏறிவிடும். ஒற்றை யூனிட்டுக்கு நாம் கொடுத்தது 243 ரூபாய். 2,000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். குளிக்கப் போகிறவர் அரை மணி முன்னால் சுவிட்சைப் போட்டுவிட்டுச் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தாலே போதும், கோட்டைத் தாண்டிவிடலாம்.

இதற்கு மருந்து, ரீடிங் எடுத்த அன்றே மீட்டரில் உள்ள எண்ணைக் காலண்டரில் குறித்து வைப்பது. ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 250ஐத் தாண்டியிருந்தால், சரிசெய்ய இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கிறது. இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். எண்ணைத் தானே எழுதும் பிள்ளை, அறையை விட்டு வெளியே வரும்போது சுவிட்சை அணைக்க மறப்பதில்லை. நாம் நூறு முறை கத்தியும் நடக்காத காரியம் அது.

பழைய சீலிங் ஃபேன் ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த புது ஃபேனுக்கு 30 வாட் போதும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு ஃபேன் நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் பழையது 67 யூனிட் தின்னும், புதியது 27. ஒரு ஃபேனிலேயே 40 யூனிட் மிச்சம். விலை கூடுதல்தான், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. அதிக நேரம் ஓடுவது எது என்று பார்த்து அதை முதலில் மாற்றுங்கள். ஏ.சி. இருக்கும் வீட்டில் 24 டிகிரியில் வைத்து, கூடவே ஃபேனை மெதுவாகச் சுற்ற விடுங்கள். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. 18ல் வைத்துவிட்டுப் போர்வை போர்த்திக்கொள்வது எனக்கு மனம் ஒப்பாத பழக்கம்.

அடுப்படிக்கு வருவோம். ஒரு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ கேஸ். அது எத்தனை நாள் வரும் என்பது சமைக்கிற கையைப் பொறுத்தது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அதற்குப் பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் அந்தச் சூடு ஏறாது. சோறு சீக்கிரம் வேகாது, தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும். கொதி வந்ததும் தீயைத் தணித்து மூடி போடுவது, அதனால்தான் எந்தச் சமையலிலும் முதல் பாடம். குக்கருக்குள் ஆவி அடைபடுவதால் சூடு 120 டிகிரி வரை போகிறது, பருப்பு சீக்கிரம் மசிகிறது. ஆனால் முதல் விசில் வந்த பிறகும் பெருந்தீயில் வைத்தால் அந்த ஆதாயம் முழுக்க விசில் வழியே வெளியே போய்விடும். ஒவ்வொரு விசிலும் காசு கொடுத்து வாங்கிய சூடு.

எங்கள் வீடுகளில் சூடாறாப் பெட்டி என்று ஒன்று இருக்கும். இப்போது கடைகளில் தெர்மல் குக்கர் என்று கேட்டாலும் கிடைக்கும். அரிசியைக் களைந்து போட்டு ஒரு கொதி வந்ததும் பாத்திரத்தைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட வேண்டியதுதான். அரிசியைப் பொறுத்து முக்கால் மணியோ ஒரு மணியோ கழித்து எடுத்து வடித்தால் சோறு பதமாக இருக்கும். அடுப்பு எரிந்தது கொதி வரும் வரை மட்டும்தான். அடிபிடிக்காது, பொங்கி வழியாது, பக்கத்தில் நின்று காவல் காக்கவும் வேண்டாம். வேலைக்குப் போகும் பெண்களுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது.

மற்றவை சின்னச் சின்ன வேலைகள். துவரம் பருப்பை அரை மணி முன்னால் ஊற வைப்பது, கொண்டைக்கடலையை முந்தின இரவே நனைப்பது, ஃப்ரிட்ஜில் இருக்கும் பாலைக் காய்ச்சுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பே வெளியே எடுத்து வைப்பது. தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் பர்னர் ஓட்டை அடைத்திருக்கிறது. ஊசியால் குத்தி, கழுவிக் காய வைத்தால் நீலமாக எரியும். இவற்றைவிடப் பெரியது, வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. ஏழு மணிக்கு ஒருவர், எட்டரைக்கு ஒருவர், பத்துக்கு ஒருவர் என்றால் ஒரே சாம்பார் மூன்று முறை அடுப்பேறுகிறது. கேஸும் போகிறது, சாம்பாரின் ருசியும் போகிறது, சூடு பண்ணுகிறவளின் பொழுதும் போகிறது.

வாங்குவதில் காலம் அறிய வேண்டும். புதுப்புளி மாசி, பங்குனியில் சந்தைக்கு வரும். அப்போது வருடத்துக்கு வேண்டியதை வாங்கி, கொட்டையும் நாரும் நீக்கி, வெயிலில் உலர்த்தி, உப்புத் தூவிப் பானையில் அடைத்துவிட்டால் அடுத்த மாசி வரை கடைக்காரர் சொல்லும் விலையைக் கேட்க வேண்டியதில்லை. வற்றல் மிளகாயும் அந்தப் பருவத்தில்தான். ஒடித்தால் முறிகிற பதத்துக்குக் காய வைத்து, மல்லியோடு மில்லில் அரைத்து வைத்த தூளின் மணம் பாக்கெட் தூளில் வராது. சித்திரை வெயிலை வீணாக்காமல் சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை வற்றல் போட்டு வைத்தால், ஐப்பசி அடைமழையில் காய் விலை ஏறும்போது ஒரு வற்றல்குழம்பில் அந்த நாள் ஓடிவிடும்.

மொத்தமாக வாங்கும் பழக்கத்தை எல்லாவற்றுக்கும் நீட்டக் கூடாது. ரவை, மைதா, கடலை மாவு எல்லாம் வண்டு வைக்கும் சாமான்கள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வீட்டுக்கு வந்த மாவு பெரும்பாலும் குப்பைத் தொட்டிக்குப் போகிறது. காய்கறி இரண்டு மூன்று நாளைக்குத்தான். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். இன்று பல ஊர்களில் இருக்கிறது. விளைவித்தவரே விற்கிறார், அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கிறது. காலையில் பையோடு போய்விடுங்கள்.

அரசு கொடுப்பதை வாங்குவதில் கூச்சம் வேண்டாம். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிக்கடை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குப் பயணம் இலவசம். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் தினமும் மாத்திரை போடுகிறவர்கள், மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்டு, மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ விசாரிக்கலாம். விலை வெகுவாகக் குறையும். மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு மிச்சம் பிடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கீரை விற்கும் அம்மாவிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுவதையும் விட்டுவிடுங்கள். விடியுமுன் எழுந்து, கீரை கட்டிச் சுமந்து வந்தவளிடம் பிடுங்கிய காசு நம் வீட்டில் தங்காது என்பது என் நம்பிக்கை. அதே வீட்டில் மூன்று வட்டிக்கு வாங்கிய கடனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் காதுக்குக் கொஞ்சமாகக் கேட்கிறது. வருடத்துக்கு 36 சதவீதம் அது. ஒரு லட்சத்துக்கு 36,000 ரூபாய் வட்டியாகவே போகிறது, அசல் அப்படியே நிற்கிறது. கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும் பல அட்டைகளில் இதே வட்டி, சிலவற்றில் இதைவிட அதிகம். பீரோவில் நகை தூங்கும்போது மூன்று வட்டி கட்டுவது நியாயமே இல்லை. வங்கியில் அடகு வைத்து அந்தக் கடனை முதலில் அடையுங்கள். வட்டி மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். ஃபேனிலும் கேஸிலும் வருடம் முழுக்கப் பிடிக்கும் மிச்சம் இந்த ஒரு வேலைக்குச் சமமாகாது. கணவனும் மனைவியும் கடன் நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு ஒருநாள் மனம்விட்டுப் பேச வேண்டும். தெரியாமல் வாங்கிய கடன்தான் வீட்டை அரிக்கிறது.

மிச்சம் பிடித்த பணத்தை எங்கே வைப்பது? எங்கள் தலைமுறைப் பெண்களுக்கு அது சிறுவாடு. கடுகு டப்பாவிலும் சேலை மடிப்பிலும் இருக்கும். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது, கணவருக்கும் தெரியாமல் வருடக்கணக்கில் சேர்த்ததை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து பெண்கள் வங்கி வாசலில் நின்றார்கள். அந்த முகங்களைப் பார்த்த நாளிலிருந்து, உன் பெயரில் ஒரு கணக்கு வைத்துக்கொள் என்று பார்க்கிற பெண்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

தபால் நிலையத்தில் தொடர் வைப்பு என்று கேளுங்கள், ஆர்.டி. என்றாலும் தெரியும். மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், ஐந்து வருடத் திட்டம். மாதம் 1,000 ரூபாய் போட்டால் 6.7 சதவீத வட்டியில் முடிவில் 71,000 ரூபாய்க்கு மேல் கைக்கு வரும். மாதத்தில் 15ஆம் தேதிக்குள் கணக்குத் தொடங்கினால் ஒவ்வொரு தவணையையும் 15க்குள் கட்ட வேண்டும். சம்பளம் தாமதமாக வரும் வீட்டில் 16க்குப் பிறகு தொடங்குங்கள், மாதக் கடைசி வரை அவகாசம் இருக்கும். 12 தவணை கட்டி ஒரு வருடம் ஆனதும், இருப்பில் பாதி வரை அங்கேயே கடன் தருவார்கள். வட்டி, திட்டத்தின் வட்டியைவிட 2 சதவீதம்தான் கூடுதல். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் குறைந்தால், மூன்று வட்டிக்காரர் வீட்டுப் படி ஏறுவதற்கு முன் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போங்கள்.