வடக்கே போகும் சாலை

பென்ஷன் வாங்க ஆரம்பித்தவர்கள் பிரயாணம் போவதென்றால் காசி, ராமேசுவரம் என்றுதான் நம் வீடுகளில் நினைப்பது வழக்கம். கொஞ்சம் நாகரிகமான குடும்பம் என்றால் ஊட்டி, கொடைக்கானல். பெட்டி கட்டி, டிக்கெட் வாங்கி, பால்காரரிடம் சொல்லி, பக்கத்து வீட்டில் சாவி கொடுத்து முடிப்பதற்குள் பாதி உற்சாகம் போய்விடும். மீதிப் பாதியை முழங்கால் வலி பார்த்துக்கொள்ளும்!

இன்னொரு விஷயமும் இருக்கிறது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும் நாளில் ஐயாவுக்கு மாலை போட்டு, பரிசு கொடுத்து, வண்டி வைத்து வீட்டில் கொண்டுவந்து விடுகிறார்கள். அம்மாவுக்கு யார் மாலை போட்டார்கள்? மறுநாளிலிருந்து பகல் பதினோரு மணிக்கு அதிகப்படியாக ஒரு காப்பி போட வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான் அவள் கண்ட ஓய்வு. ஆகையால் ஐயாமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கட்டுரை முக்கியமாக அம்மாக்களுக்காகவே எழுதப்படுகிறது.

காலையில் புறப்பட்டு விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடலாம். போகவர நூறு கிலோ மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். கோயில் உண்டு, கடல் உண்டு, ஏரி உண்டு, சரித்திரமும் உண்டு. எங்கே என்கிறீர்களா? நம்முடைய வட சென்னையில்தான்!

முன் ஸீட்டில் அண்ணி

வியாசர்பாடியை அடுத்த எம்.கே.பி. நகர், அதாவது மகாகவி பாரதியார் நகர், எங்கள் பேட்டை. அடுத்த வீட்டு அண்ணன் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவர். ஒரு நாள் பேச்சுவாக்கில் அண்ணி சொன்னாள்: "முப்பத்து நாலு வருஷம் சோறு கட்டிக் கொடுத்தேன். அது எந்த வாசலுக்குப் போச்சுன்னு நான் பார்த்ததே இல்லை."

அண்ணன் பதில் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே, தை மாதக் குளிரில், காலை ஆறு மணிக்கு அவருடைய சின்னக் காரில் மூவரும் புறப்பட்டுவிட்டோம். முன் ஸீட்டில் அண்ணி. பின் ஸீட்டில் புளியோதரைத் தூக்கும் நானும்.

ராயபுரத்தில் முதலில் வண்டியை நிறுத்தினோம். அங்கே வரிசையாகத் தூண்கள் நிற்கும் ரயில் நிலையம் சாமானியமானதல்ல. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் ஆண்டு இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. எழும்பூரும் சென்ட்ரலும் இதற்குத் தங்கைகள். ரயிலுக்காக ஓடாமல், ரயில் நிலையத்தை நின்று பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது!

மகிழ மரத்துச் சத்தியம்

அடுத்தது திருவொற்றியூர். மூவர் பாடிய தலம். மூலவர் ஆதிபுரீசுவரர் மீது வருஷம் முழுவதும் கவசம் சாத்தியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டுமே கவசம் களைந்த தரிசனம். அம்பாள் வடிவுடையம்மன்.

சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்தது இந்த ஊரில்தான். "உன்னைப் பிரியேன்" என்று சந்நிதியில் சத்தியம் செய்ய வேண்டும். சுந்தரர் சாமர்த்தியமாக, "அந்த நேரத்தில் தாங்கள் மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள்" என்று சிவபெருமானிடம் கேட்டுக்கொண்டார். பெருமானோ, "மரத்தடியிலேயே சத்தியம் வாங்கிக்கொள்" என்று சங்கிலியாருக்குச் சொல்லி வைத்துவிட்டார்! சத்தியம் செய்தவர், பிறகு அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். கண் பார்வை போயிற்று என்கிறது பெரிய புராணம்.

கதையைக் கேட்ட அண்ணி, "பார்த்தியாம்மா? பொம்பளை பக்கம் பேச சாமியே வர வேண்டியிருக்கு" என்றாள். அண்ணன் மகிழ மரத்தை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயிலுக்கு அருகே கடற்கரையோரம் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர் கடைசியில் தேர்ந்தெடுத்த இடம் அலை ஓசை கேட்கும் இந்த மணல்தான்.

ஆலை வாசல்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தொழிற்சாலைகள். 'விம்கோ நகர்' என்ற பெயரே ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் நினைவு. புல்லட் மோட்டார் சைக்கிள் 1950-களில் திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கியது. சுதந்திரம் வந்த புதிதில் ஆஸ்டின் கார் பூட்டிக்கொண்டிருந்த எண்ணூர் ஆலைதான் 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று. தமிழ்நாட்டின் எத்தனையோ குடும்பங்களுக்கு இந்தச் சாலைதான் அடுப்பு எரிய வைத்திருக்கிறது.

அண்ணன் வேலை பார்த்த ஆலையின் வாசலில் வண்டி நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் கதவு சாத்தியிருந்தது. "இதோ, அந்தப் பூவரச மரத்தடியில்தான் உட்கார்ந்து சாப்பிடுவோம்" என்றார் அண்ணன்.

அண்ணி இறங்கி நின்று கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஏங்க, ரசம் ஆறிப் போயிருக்குமே?"

"ஆறித்தான் போயிருக்கும். ஒரு நாளும் மீதி வச்சதில்லை."

ஊட்டியில் எந்த மலை உச்சியிலும் இந்தக் காட்சி கிடைக்காது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆறும் சாம்பலும்

எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை அவசியம் பாருங்கள். ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார்கள் உல்லாசமாகப் படகு விட வந்த இடம். 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய், தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக நீட்டப்பட்டு, பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. பசித்த ஜனங்கள் கூலிக்கு மண் சுமந்து வெட்டிய கால்வாய் அது. நம் பாட்டிமார் காலத்தில் பட்டணத்து அடுப்புக்கு விறகும், கறிக்கு உப்பும் இதன் வழியே படகில் வந்தன.

இன்று? ஆற்றில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பர்ப் புயல் வெள்ளத்தில் மறுபடியும் எண்ணெய். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் பிடிப்பவர்கள் அன்றும் இருந்தார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. நமக்கு மின்சாரமும் லாரியும் கொடுத்த இடம், தன்னுடைய ஆற்றை விலையாகக் கொடுத்திருக்கிறது. அழகான இடங்களை மட்டும் பார்த்துவிட்டு வருவது நியாயமில்லை. நம் சௌகரியத்துக்காக அழகை இழந்த இடத்தையும் ஒரு தடவை பார்க்கத்தான் வேண்டும்.

பூநாரைகளின் ஊர்

எண்ணூரிலிருந்து சற்றுத் திரும்பி, மணலி புதுநகர் வழியாக மீஞ்சூர், பொன்னேரி என்று போனால் சாலையில் பச்சை தெரிய ஆரம்பிக்கும். மீஞ்சூருக்கு அருகே மேலூரில் திருவுடையம்மன். பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் கூடிய நாளில் காலையில் இவளையும், உச்சி வேளையில் வடிவுடையம்மனையும், மாலையில் வட திருமுல்லைவாயில் கொடியிடையம்மனையும் தரிசிப்பது வட சென்னைப் பெண்களின் வழக்கம். பொன்னேரியில் அகத்தீசுவரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும் சித்திரைத் திருவிழாவில் சந்தித்துக்கொள்வார்கள்.

கடைசியில் பழவேற்காடு. 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழ மண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் 1690 வரை இதுதான். நம் நெசவாளர்களின் துணி கப்பல் கப்பலாகப் போயிற்று. துணி மட்டுமல்ல, பஞ்ச காலங்களில் அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களும் போனார்கள். கோட்டை இன்று புதர் மண்டிக் கிடக்கிறது. கல்லறைத் தோட்டம் மட்டும் இருக்கிறது. அதன் வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பதைப் பார்த்து அண்ணி, "இங்கே வந்தும் சம்பாதிச்சதை எடுத்துட்டுப் போகலையே" என்றாள்.

ஏரி மேல் போட்டிருக்கும் பாலத்தில் நின்று பார்த்தோம். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரிய உப்பங்கழி இது. தூரத்தில் ரோஜா நிறக் கோடு ஒன்று. உற்றுப் பார்த்தால் அத்தனையும் பூநாரைகள்! கார்த்திகையிலிருந்து மாசிக்குள் போனால் காணலாம்.

சில யோசனைகள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் புறப்படுங்கள். மற்ற நாட்களில் கன்டெய்னர் லாரிகளின் நெரிசல் அதிகம். பகல் சாப்பாட்டைக் கையோடு கொண்டு போங்கள். வெளியே கழிப்பிடம் கிடைக்காது என்று பயந்து தண்ணீர் குடிக்காமலே காய்ந்துபோவது நம் பெண்களின் வழக்கம். அது வேண்டாம். கோயிலிலோ, பெட்ரோல் பங்கிலோ, பொன்னேரி ஓட்டலிலோ நிறுத்தச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். ஏரியில் யார் கூப்பிட்டாலும் படகில் ஏற வேண்டாம். 2011 டிசம்பர் 25-ஆம் தேதி படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஊர்ப் பெண்கள் முடையும் பனையோலைக் கூடை ஒன்று வாங்கி வாருங்கள். பேரம் பேச வேண்டாம்.

கார் இல்லாதவர்கள் மெட்ரோ ரயிலில் விம்கோ நகர் வரை போய், திருவொற்றியூரையும் கடலையும் மட்டும் பார்த்துத் திரும்பினாலும் குறைவில்லை.

ஐயாமார்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் முப்பது வருஷம் தினமும் போன வழியை உங்கள் வீட்டம்மாள் பார்த்திருக்கிறாளா என்று கேட்டுப் பாருங்கள். பார்த்ததில்லை என்றால், முதலில் அங்கே அழைத்துப் போங்கள். காசி எங்கும் போய்விடாது.