ஒரு விரற்கடை உயரம்

அரபு மொழியில் 'தரஜா' என்னும் ஒரே சொல் படியையும் குறிக்கும், பதவியையும் குறிக்கும். பதவிகளில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம். மாடிப்படிகளில் இருத்தல் ஆகாது. ஆயினும் வீடு கட்டுவோர் முகப்புக்குக் காட்டும் அக்கறையில் கால்பங்கும் படிக்குக் காட்டுவதில்லை. அறைகளைப் பங்கிட்டபின் எஞ்சிய மூலையில் ஏணிபோல் அதனைச் செருகிவிடுகின்றனர்.

நாம் ஓதிக்கொடுத்து வந்த மதரஸா ஒன்றில், கடைசிப் படி மட்டும் மற்றவற்றினும் ஒரு விரற்கடை உயரம். படிகளைக் கட்டி முடித்தபின் மாடித் தரைக்குக் கல் பதித்ததால் நேர்ந்த வேறுபாடு அது. பாடம் சொல்ல ஏறி வந்த மூத்த ஆலிம் ஒருவர் அதில் கால்விரல் தட்டி விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. பின்னர் அவர் மாடிக்கு வரவேயில்லை. பிள்ளைகள்தாம் அவர் வீட்டுத் திண்ணைக்குச் சென்று ஓதினர். 'வயதாகிவிட்டது' என்றனர் ஊரார். நமக்கு அது உடன்பாடன்று. முதல் இரண்டு மூன்று படிகளிலேயே கால் அவற்றின் உயரத்தை மனனம் செய்துகொள்கிறது. அதன்பின் கண்ணைக் கேட்பதில்லை. மனனத்திற்கு மாறாக ஒரு படி நின்றால், வாலிபனும் இடறவே செய்வான். அவன் சமாளித்துக்கொள்வான், அவ்வளவே.

இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குடியிருப்பு வீடுகளில் படியின் உயரம் 19 செ.மீ.க்கு மிகாமலும், கால் வைக்கும் அகலம் 25 செ.மீ.க்குக் குறையாமலும் இருக்கச் சொல்கிறது. உயரத்தின் இருமடங்கோடு அகலத்தைக் கூட்டினால் ஏறத்தாழ ஓர் எட்டின் நீளம் வரவேண்டும் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிளாண்டெல் கணக்கிட்டார். இன்று அதனை 60 முதல் 65 செ.மீ. வரை கொள்வர். தளத்திற்குத் தளம் 306 செ.மீ. எனில், 18 செ.மீ. வீதம் மிச்சமின்றி 17 படிகள். அகலம் 28 வைத்தால் கூட்டுத்தொகை 64. இடையில் ஒரு திருப்பு மேடை இருந்தால் முதியோர் மூச்சு வாங்கலாம். படிகள் ஒற்றைப்படையில் முடியவேண்டும் என்போருக்கும் இதில் மனக்குறை இராது. கடைசி நேரத்தில் ஒரு படியை நெருக்கிச் செருகுவதுதான் கேடு.

இறங்கும்போதே ஆபத்து மிகுதி. ஆதலால் கைப்பிடி நடுவில் அறுபடாமல் மேலிருந்து கீழ்வரை செல்லவேண்டும். சுபுஹுக்கு இருளில் எழுவோர்க்கு, மேலும் கீழும் விளக்குப் பொத்தான் வேண்டும்.

படிக்குப் பலகை அடிக்கும் முன்பே கொத்தனாரிடம் கேளுங்கள்: கீழ்த்தரைக்கு என்ன கல், மேல்தரைக்கு என்ன கல், கலவையோடு சேர்த்து ஒவ்வொன்றும் எத்தனை கனம்? விடை கிடைத்தபின் பலகை அடிக்கட்டும்.