உங்க சைஸுக்கு வராதுங்க

ரசப்பொடியும் ரயில் பயணமுமா ஓடிட்டிருக்கற நம்ம பக்கத்துல இன்னிக்குக் கொஞ்சம் வேற மேட்டர். குண்டா இருக்கற பொம்பளைங்க கைக்கடக்கமான செலவுல நல்லா உடுத்தறது எப்படி? "பூசினாப்ல", "நல்ல வாகு"ன்னெல்லாம் சுத்தி வளைக்கப் போறதில்லை. நான் குண்டு. மார்பு 46 இன்ச், சீட் அளவு 51. ஆண் பதிவர்களும் தாராளமா படிக்கலாம். வீட்டுல தங்கமணி, அம்மா, தங்கச்சின்னு யாராவது இருப்பாங்கல்ல.

தலைப்புல இருக்கற வசனம் எங்க கோயமுத்தூர் ஜவுளிக்கடைங்கள்ல அடிக்கடி காதுல விழறது. நாம வாயைத் திறந்து எதுவும் கேட்டிருக்கவே மாட்டோம். ஹேங்கர்ல தொங்கற குர்த்தி மேல கை வெச்சாப் போதும், பத்தடி தள்ளி நிக்கற பொண்ணு நம்மள ஒரு தடவை மேலயிருந்து கீழ வரைக்கும் பார்த்துட்டு, "உங்க சைஸுக்கு வராதுங்க"ன்னுடும். மரியாதைக்குக் குறைச்சலே இல்லை பாருங்க, "ங்க" போட்டுத்தான் சொல்லும் :)

அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோபம் இல்லை. நாள் பூரா உட்காரக்கூட முடியாம நிக்கற பொண்ணு. கோபமெல்லாம் சட்டைக் காலர்ல இருக்கற அந்தச் சின்னத் துணி மேலதான். எக்ஸெல், டபுள் எக்ஸெல்னு போட்டிருக்கே, அது என்ன கணக்கு? பல கடைகள்ல எக்ஸெல்னா 42, டபுள்னா 44, டிரிபிள்னா 46. இன்னொரு கடைக்குப் போனா டபுளே 42ல நிக்கும். நம்ம நாட்டுக்குன்னு ஒரு அளவு அட்டவணை இல்லாம, வெள்ளைக்காரங்க உடம்புக்குப் போட்ட கணக்கைத்தான் ஆளுக்குக் கொஞ்சம் மாத்தி வெச்சு ஓட்டிட்டிருந்தாங்க. அதுக்காகத்தான் 2018ல நிஃப்ட் மூலமா 'இந்தியா சைஸ்'னு ஒரு அளவெடுப்பு அறிவிச்சாங்க. ஆறு ஊர், 15 வயசுலருந்து 65 வரைக்கும் 25,000 பேர்னு திட்டம். நல்ல விஷயம்தான். ஆனா அதை நம்பி அடுத்த முகூர்த்தத்துக்குத் துணி எடுக்க முடியாதுல்ல.

இன்னொரு கொடுமை இருக்கு. சைஸ் பெருசாக்கறேன்னு கம்பெனிக்காரங்க எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இழுத்து விட்டுடறாங்க. உடம்பு பெருத்தாலும் தோள் எலும்பு பெருக்காதே! அதனால டிரிபிள் எக்ஸெல் போட்டா தோள் சரிஞ்சு வழியும், கழுத்து இறங்கும், ஆனா கை மட்டும் புஜத்துல மாட்டிக்கும். கண்ணாடில பார்க்கறப்ப தப்பெல்லாம் நம்ம உடம்புலதான்னு தோணும். வெட்டினவர் பண்ணின தப்பு அது.

இப்ப எதுக்கு இவ்வளவு நீட்டி முழக்கறேன்னா, என் அக்கா பொண்ணு. போன வருஷம் படிப்பு முடிச்சா. நம்ம ஊர்லயே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில வேலை. வீடே கொண்டாடுது, இவ மட்டும் உம்முனு இருக்கா. ரெண்டு நாள் கழிச்சு எனக்குப் போன். "சித்தி, ரெண்டு மாசம் கழிச்சு ஜாயின் பண்றேன்னு அவங்களுக்கு மெயில் போடலாமான்னு பார்க்கறேன். அதுக்குள்ள இளைச்சிடுவேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. காலேஜ் முழுக்க ரெண்டே கருப்பு டாப்ஸ், அதுக்கு மேல ஒரு துப்பட்டா. அதை வெச்சே ஓட்டியிருக்கா. ஆபீஸுக்கு அதுல போக வெட்கம், கடைக்குப் போக அதைவிட வெட்கம். "மெயிலெல்லாம் ஒண்ணும் வேண்டாம் கண்ணு. செவ்வாய்க்கிழமை காலைல கிளம்பி இரு"ன்னேன். அவ அம்மா குடுத்த பட்ஜெட் ஆறாயிரம்.

அது என்ன செவ்வாய்க்கிழமை? ஈரோடு கனி மார்க்கெட் வாரச்சந்தை திங்கள் சாயந்தரம் ஆரம்பிச்சு செவ்வாய் வரைக்கும் நடக்கும். மொத்த வியாபாரம்தான், ஆனா சில்லறையாவும் குடுக்கறவங்க இருக்காங்க. இங்கருந்து ரயில்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். நல்ல காட்டன் மீட்டர் 130 ரூபாய்க்குப் பேசி முடிச்சேன். இங்கதான் கணக்கு முக்கியம், கொஞ்சம் கவனிங்க. "டாப்ஸுக்கு ரெண்டரை மீட்டர் போதுங்க"ன்னு கடைக்காரர் சொல்வார். ஒல்லியா இருக்கறவங்களுக்கு முன்பக்கமும் பின்பக்கமும் 44 இன்ச் அகலத்துல பக்கத்துல பக்கத்துல அடங்கிடும், அவங்களுக்கு அது தாராளம். இவளுக்கு சீட் 48. பாதி 24, லூசுக்கு 2, ரெண்டு பக்கமும் தையலுக்கு விட்டா 29 இன்ச்சாவது ஆகும். ரெண்டு பாகமும் பக்கத்துல அடங்காது, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணாத்தான் வெட்டணும். மடிப்போட சேர்த்து 44 இன்ச் நீளம், ரெண்டு தடவை 88. முக்கால் கைக்கு இன்னொரு 20. மொத்தம் 108 இன்ச், அதாவது ரெண்டே முக்கால் மீட்டர். காட்டன் தண்ணில சுருங்கும், அதனால மூணு மீட்டர் வாங்கிடுங்க. அந்த அரை மீட்டர்ல கஞ்சம் பிடிச்சாத்தான் கை இறுக்கி, அக்குள் தெறிச்சு, ரெண்டு தடவை போட்டு பீரோல தூங்கும். வெட்டறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி ஊறப் போட்டுக் காய வெச்சுக் குடுங்க.

அஞ்சு துணி எடுத்தோம். அவ கை தானா கருப்புக்குத்தான் போச்சு. படுக்கைக் கோடு போட்ட ஒரு மஞ்சள் துணியைக் காமிச்சதும், "அய்யோ சித்தி, குறுக்குக் கோடு இன்னும் குண்டா காட்டும்"னா. இதைக் கேட்டாலே எனக்கு எரியும். ஹெல்ம்ஹோல்ட்ஸ்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி 1867லயே சொல்லிட்டார், படுக்கைக் கோடு போட்ட சதுரம் கண்ணுக்கு உயரமாவும் ஒடுக்கமாவும்தான் தெரியும்னு. 2011ல யார்க் பல்கலைக்கழகத்துல பீட்டர் தாம்சன்ங்கறவர் பொம்பளைங்க உருவத்தை வெச்சே சோதிச்சுப் பார்த்தார். குறுக்குக் கோடு குண்டா காட்டலை. இதை ரோட்டுல நின்னு விளக்கினா யார் கேக்கறா? அந்த மஞ்சளை எடுத்துட்டேன், அவ்வளவுதான்.

திரும்பற வழியில திருப்பூர்ல இறங்கிட்டோம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துலயே காதர்பேட்டை. ஏற்றுமதிக்குப் போட்டு மிஞ்சினது, கழிச்சுக் கட்டினதுன்னு பனியன் துணி குவிஞ்சு கிடக்கும். அமெரிக்காவுக்குத் தைச்ச ஆம்பளை டபுள் எக்ஸெல் டி ஷர்ட், நம்ம ஊர் டிரிபிள் எக்ஸெலை விடப் பல சமயம் பெருசாவே இருக்கும்! இந்த விஷயம் நம்மள்ல நிறையப் பேருக்குத் தெரியறதில்லை. வாங்கறப்ப வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ஓட்டை, கறை இருக்கான்னு பாருங்க. ஆம்பளை வெட்டுங்கறதால இடுப்புக்குக் கீழ பிடிக்கும். ரெண்டு பக்கமும் தையலை அஞ்சு இன்ச் பிரிச்சு ஓரம் மடிச்சு அடிச்சுட்டா ஆச்சு. வீட்டுக்கும் சனிக்கிழமைக்கும்னு மூணு எடுத்தோம், 450 ரூபாய்.

அடுத்து தையல். எங்க தெரு தையல் அக்கா கிட்டப் போறதுக்கு முன்னாடி வேறொரு கடையில விசாரிச்சோம். "பெரிய சைஸுக்கு ஐம்பது ரூபா சேர்த்து ஆகும்"னார். குண்டு வரி! துணி எங்களோடது, நூல் ரெண்டு முழம் கூடப் போகுமா? வெளியே வந்துட்டோம். தெரு அக்கா அஞ்சும் சேர்த்துக் குடுத்ததால ஒண்ணு 300க்கு ஒத்துக்கிட்டாங்க. துணியோட சேர்த்தா ஒரு டாப்ஸ் 690 ரூபாய். இதே அளவுக்கு ரெடிமேட் எடுக்கப் போனா அந்தக் கடை வாசல்லயே ஆயிரத்துக்கு மேலதான் போட்டிருந்தான்.

தையல்காரங்க கிட்டச் சொல்ல வேண்டியது சிலது இருக்கு. நின்னுக்கிட்டு மட்டும் அளவு எடுக்க விடாதீங்க. நாற்காலில உட்கார்ந்தும் இடுப்பையும் சீட்டையும் அளக்கச் சொல்லுங்க. உட்கார்ந்தா அளவு கூடும், நாம ஆபீஸ்ல உட்கார்ந்துதானே இருக்கோம். புஜத்தை மடக்கி வெச்சு அளக்கணும். உள்ள ரெண்டு இன்ச் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்க, நாளைக்கு ஏறினாலும் இறங்கினாலும் பிரிச்சுப் பிடிச்சுக்கலாம். பழைய டாப்ஸை அளவுக்குக் குடுக்காதீங்க, அதோட தப்பெல்லாம் புதுசுக்கும் வந்து சேரும். அளவெடுக்கறப்ப இவ வயித்தை எக்கிப் பிடிச்சு நின்னா. அந்த அக்கா டேப்பை விட்டுட்டு, "மூச்சை விடு சாமி. மூச்சு விட்டுட்டே போடறதுக்குத்தானே தைக்கறேன்"னாங்க. எனக்குத் தொண்டையை அடைச்சுது. அவ சிரிச்சுட்டா.

உள்ளாடை பத்தி எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். எழுதறேன். பாரத்தைத் தாங்க வேண்டியது மார்பைச் சுத்தி வர்ற பட்டை, தோள்பட்டை வார் இல்லை. தோள்ல பள்ளம் விழுந்திருந்தா பட்டை லூசுன்னு அர்த்தம். நிறையப் பேர் கப் சின்னதா இருக்கேன்னு பட்டையைப் பெருசாக்கி 40 பி வாங்கறோம். பல சமயம் நமக்கு வேண்டியது 36 டி. வேர்வை தங்கற மடிப்புகளைத் துடைச்சு ஈரமில்லாம வெச்சுக்கணும். பவுடர் போட்டா வேர்வையில குழைஞ்சு இன்னும் அரிக்கும். அரிப்புக்கு மருந்துக்கடையில அவங்களாக் குடுக்கற களிம்பை வாங்காதீங்க, நிறைய களிம்புல ஸ்டீராய்டு கலந்திருக்கும். 2018ல மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. தொடை உரசலுக்கு, முட்டிக்கு மேல நிக்கற பனியன் துணி ஷார்ட்ஸ். புடவைக்குள்ள கூடப் போட்டுக்கலாம், வெயில் காலத்துல கல்யாண மண்டபம் போற புண்ணியவதிகளுக்கு இது வரப்பிரசாதம்.

அழகுக் குறிப்புன்னு ஒண்ணே ஒண்ணுதான் சொல்வேன். இவளுக்குக் கழுத்தைச் சுத்தி வெல்வெட் மாதிரி கருப்பு. அழுக்குன்னு நினைச்சு எலுமிச்சம்பழமும் சோடா உப்பும் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு தோலே எரிஞ்சு கிடந்தது. ஒரு பார்லர்ல ஆறு தடவை ப்ளீச் பண்ணினா போயிடும், 1800 ரூபாய்னு சொல்லியிருக்காங்க. நான் கூட்டிட்டுப் போனது ரத்தப் பரிசோதனைக்கு. அந்த மாதிரி கருப்பு பெரும்பாலும் உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலைங்கறதோட அடையாளம். தேய்ச்செல்லாம் போகாது. மூணு மாசச் சர்க்கரை 6.0ன்னு வந்தது. 5.7லருந்து 6.4 வரைக்கும் சர்க்கரை வர்றதுக்கு முந்தின நிலை. டாக்டர் திட்டலை, பயமுறுத்தலை, நடக்கச் சொன்னாங்க, சோறு எவ்வளவுன்னு கேட்டாங்க. உங்க வீட்டுல யாருக்காவது கழுத்துலயோ அக்குள்லயோ இப்படி இருந்தா பார்லருக்கு முன்னாடி அங்க போங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல சர்க்கரை பார்க்கக் காசே வாங்கறதில்லை.

புடவைக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. புடவையோட வர்ற பிளவுஸ் துணி வழக்கமா 80 செ.மீ. 44க்கு மேல மார்பு அளவு இருக்கறவங்களுக்கு அதுல கை வெச்சுத் தைக்கறது பெரும்பாடு. வெட்டாதீங்க! அப்படியே விட்டுட்டா புடவை 80 செ.மீ. நீளமாயிடும். கொசுவம் ரெண்டு மடிப்பு கூட வரும், முந்தி முழங்கை வரைக்கும் நிக்காம ஒழுங்கா தொங்கும். பிளவுஸுக்குத் தனியா ஒரு மீட்டர் வேற கலர்ல எடுத்துக்கோங்க. உள்பாவாடைக்கு நாடாவுக்குப் பதிலா மூணு இன்ச் பட்டையும் கொக்கியும் வெச்சுத் தைச்சா இடுப்புல தடம் விழாது.

டாப்ஸ் அஞ்சு 3450, டி ஷர்ட் 450, பேண்ட் ரெண்டு 700, உள்ளாடை ரெண்டு 900, ஷார்ட்ஸ் ரெண்டு 350. மொத்தம் 5850. மிச்சம் 150ல ஈரோட்டுல ஆளுக்கொரு தோசையும் காபியும். (ரயில் டிக்கெட் சித்தி உபயம்.) மெயில் போகலை, சொன்ன தேதிலயே சேர்ந்துட்டா. முதல் நாள் அந்த மஞ்சள் கோடு டாப்ஸ் போட்டுட்டுப் போயிருக்கா, அவ அம்மா போட்டோ அனுப்பினாங்க.

பி.கு: வளையல் விட்டுப் போச்சு. ரெண்டே எட்டுன்னா ரெண்டு இன்ச்சும் பதினாறுல எட்டு பங்கும், அதாவது உள்விட்டம் ரெண்டரை இன்ச். ரெண்டே பத்து, ரெண்டே பன்னெண்டு வரைக்கும் இருக்கு. கடையில முன்னாடி அடுக்கியிருக்கறது எல்லாம் சின்னதுதான். "ரெண்டே பன்னெண்டு எடுங்க"ன்னு சத்தமாக் கேளுங்க, பரண்ல இருந்து இறக்குவாங்க. கண்ணாடி வளையலை சோப்புத் தண்ணி போட்டு வீட்டுல வந்து மாட்டிக்கோங்க, கடையில அவங்க அமுக்கற அமுக்குல எலும்பு நொறுங்கிடும்.