நிருபருக்கும் புலமைப்பரிசில்

வைத்தியம் கற்கவும் பொறியியல் கற்கவும் ஏழை மாணவருக்குப் பொருளுதவி செய்வோர் நம்மிடையே பலர் உளர். பத்திரிகைத் தொழில் கற்கும் ஒருவனுக்கு யாரேனும் பணம் கொடுத்தால், "அதற்குமா?" என்று வியப்போரும் உளர். அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்த எமக்கு அமெரிக்க நாட்டு வரலாறொன்று துணைசெய்தது.

1967ஆம் ஆண்டுக் கோடையில் அந்நாட்டு நகரங்கள் பல இனக்கலகத்தால் எரிந்தன. டெற்றோயிற் நகரில் மட்டும் 43 பேர் மாண்டனர். காரணம் யாதென ஆராயும்படி சனாதிபதி ஜோன்சன் நியமித்த கேர்ணர் குழு, 1968இல் தன் அறிக்கையை வெளியிட்டது. வறுமையையும் வேலையின்மையையும் கூறியதோடு நில்லாது, பத்திரிகைகளையும் அது குற்றவாளிக் கூண்டில் ஏற்றிற்று. கறுப்பின மக்களின் வாழ்வை அவை வெள்ளையர் கண்கொண்டே பார்த்தன என்றது. செய்தித்துறையின் ஆசிரியப் பணிகளில் கறுப்பினத்தார் நூற்றுக்கு 5 பேர்கூட இலர். தீப்பற்றிய பின்னர் அத்தெருவுக்கு ஓடிய நிருபருக்கு, தீப்பற்றுமுன் அங்கிருந்தோர் நினைத்தது எங்ஙனம் தெரியும்?

அவ்வாண்டிலேயே நியூயோர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில், பிரெட் பிரெண்ட்லி என்னும் பேராசிரியர், போர்ட் ஸ்தாபனத்தின் உதவியுடன் சிறுபான்மை இனத்தவருக்கென ஒரு கோடைகாலப் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். அங்கே பயின்ற மிஷெல் கிளார்க் என்னும் பெண்மணி சி.பி.எஸ். தொலைக்காட்சியின் நிருபராக உயர்ந்து, 1972 டிசெம்பரில் விமான விபத்தில் உயிரிழந்தார். அவர் பெயரையே அவ்வகுப்புக்குச் சூட்டினர். ஆயினும் 1974இல் கொலம்பியாவில் அது நின்றுபோயிற்று. (கொடுக்கும் கை சலிப்பது எந்நாட்டிலும் உள்ளதே!) அதில் ஈடுபட்டிருந்த சிலர் மனந்தளராது கலிபோர்னியாவில் அப்பணியைத் தொடர்ந்தனர்.

அவர்களுள் ஒருவர் ரொபேர்ட் மேனார்ட். பார்படோஸ் தீவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். 16 வயதிற் பள்ளியை விட்டவர். பின்னர் நிருபராகி, நீமன் புலமைப்பரிசில் பெற்று ஹார்வார்ட்டிற் கற்றார். 1983இல் 'ஓக்லண்ட் ட்ரிபியூன்' நாளிதழை விலைக்கு வாங்கி அதன் உரிமையாளரானார். 1989இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தைக் காட்டிய படங்களுக்காக அவ்விதழ் அடுத்த ஆண்டு புலிற்சர் பரிசு பெற்றது.

இவ்வரலாறு எம் நெஞ்சில் தைத்தமைக்குக் காரணம் உண்டு. மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து வந்து எம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன், கொழும்பிற் பத்திரிகைத் தொழில் கற்க இடம்பெற்றான். கட்டணத்தை ஒரு பெரியவர் மனமுவந்து செலுத்தினார். வகுப்பு முடிந்ததும் பத்திரிகை அலுவலகமொன்றில் ஊதியமின்றி ஆறு மாதம் பயிலல் வேண்டும் என்றனர். அறை வாடகை, சாப்பாடு, பஸ் செலவு? கொழுந்து பறிக்கும் தாய் இவற்றுக்கு எங்கே போவாள்? "எப்படியாவது சமாளிப்பேன், சேர்" என்று சொல்லிப் போனவன் இரண்டாம் மாதமே திரும்பிவிட்டான். இன்று நகரக் கடையொன்றிற் கணக்கெழுதுகிறான்.

அவன் தோட்டத்தில் மண்சரிந்து லயமொன்று இடிந்தபோது பத்திரிகை நான்கு வரி எழுதிற்று. அதையே அவன் எமக்குச் சொல்ல ஒரு மணி நேரம் ஆயிற்று. எந்தக் காம்பராவில் எவர் உறங்கினர், முதல் நாளே சுவர் வெடித்ததை எவரிடம் முறையிட்டனர் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அந்நான்கு வரிகளை எழுதியவருக்கு அவை தெரிய நியாயமில்லை.

வகுப்புக் கட்டணத்தை மட்டும் கொடுப்பது ஆற்றின் பாதிவரை பாலம் கட்டுவது போன்றது என்பதே எம் கருத்து. பயிலும் காலம் முழுவதற்கும் உணவும் உறைவிடமும் அளித்து, முடிவில் ஓர் ஆசிரிய பீடத்தில் ஊதியத்தோடு ஓரிடமும் பேசிவைத்தாலன்றி, லயத்துப் பிள்ளை நிருபராதல் அரிது. பணம் தருவோரும் பத்திரிகை நடத்துவோரும் ஒன்றுகூடினால், ஆண்டுக்கு இருவரையேனும் இவ்வாறு தாங்குதல் இயலாததன்று.

அம்மாணவன் இப்பொழுதும் எமக்குக் கடிதம் எழுதுகிறான். தோட்டத்துச் செய்திகளே அதில் நிறைந்திருக்கும்.