தூண்டில் ராடு வாங்கப் போறீங்களா? முதல்ல முட்டம் பாறையைப் பாருங்க!

முட்டம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, மாலை வெயில் இறங்கும் நேரம். ஒரு பக்கம் செம்மண் மேடு, மறுபக்கம் கடலுக்குள் நீளும் பாறைகள். தூண்டில் பிடிக்க ஆசைப்படும் யாருக்கும் இந்த இடத்தைப் பார்த்ததும் கை பரபரக்கும். ஆடி மாதத்தில் ஆர்ப்பரித்த மேற்குக் கடல், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஓரளவு அடங்கியிருக்கும். கரையில் நின்று தூண்டில் போட ஏற்ற காலம் இதுதான்.

ஆனால், என்ன ராடு வாங்குவது? கடைக்காரர் முதலில் கேட்பது பட்ஜெட்டை. நண்பர்கள் கேட்பது, எந்த மீன் வேண்டும் என்பதை. கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: எங்கே நிற்கப் போகிறீர்கள்?

மணல், பாறை, பொழிமுகம்

குமரிக் கடற்கரையில் இந்த மூன்றும் சில கிலோமீட்டர் இடைவெளியில் மாறி மாறி வரும்.

சொத்தவிளை போன்ற மணற்கரையில் அலை உடையும் இடத்தைத் தாண்டித் தூண்டில் விழ வேண்டும். அலைக்கு மேலே நரம்பைத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டும். அதற்கு 11 முதல் 13 அடி ராடு தேவை. அதிகாலையில் கரமடி இழுப்பவர்கள் இருந்தால், அந்தப் பக்கம் வீசாமல் தள்ளிப் போய்விடுவதே மரியாதை.

முட்டம் போன்ற பாறைக்கரையில் 9 முதல் 10 அடி வேண்டும். 7 அடி ராடு கையில் இருந்தால், பாறை விளிம்பில் நரம்பு உரசாமல் இருக்க நீங்களே விளிம்புக்குப் போக வேண்டியிருக்கும். ராடு 3 அடி நீண்டால், நீங்கள் 3 அடி பின்னால் நிற்கலாம். அந்த 3 அடி மீனுக்காக அல்ல, உயிருக்காக.

குழித்துறை ஆறு கடலில் சேரும் தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில் கதை வேறு. இங்கே தூரம் தேவையில்லை. 7 முதல் 8 அடி ராடு போதும். ஆனால் கொடுவாவும் செம்பல்லியும் தூண்டில் கடித்ததும் கல்லிடுக்குக்குள் ஓடப் பார்க்கும். அவற்றைத் திருப்ப, வளைந்து கொடுத்தாலும் அடிப்பகுதி விறைப்பாக உள்ள ராடு நல்லது.

அமெரிக்காவிலும் இதே கணக்கு!

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளில் குளிர்காலத்தில் ஸ்டீல்ஹெட் மீனுக்குத் தூண்டில் போடுவார்கள். நம் நீலகிரியில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட ரெயின்போ ட்ரவுட்தான் இதுவும். கடலுக்குப் போய் வளர்ந்து ஆற்றுக்குத் திரும்புவதால் வேறு பெயர். இதற்குப் பலரும் எடுப்பது, இரண்டு கையாலும் பிடித்து வீசும் 12, 13 அடி ராடு. முதுகுக்குப் பின்னால் மரங்கள் நெருங்கி நிற்கும் ஆற்றங்கரையில், நரம்பைப் பின்னால் வீசி எடுக்க இடமிருக்காது. அங்கேயும் ராடைத் தீர்மானிப்பது நிற்கும் இடம்தான்.

கார்பனா, ஃபைபரா?

கார்பன் ராடு எடை குறைவு, நாள் முழுக்கப் பிடித்தாலும் கை வலிக்காது. ஆனால் பாறையில் மோதினால் விரிசல் விழும். மின்சாரத்தையும் கடத்தும், அதனால் இடி இடித்தால் உடனே மடக்கிவிட வேண்டும். ஃபைபர் கிளாஸ் கனம் அதிகம், விலை குறைவு, அடி தாங்கும். முதல் ராடு வாங்குபவர்களுக்கு இதுவே போதும். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மடக்கு ராடு பஸ்ஸில் கொண்டுபோக வசதி. ஆனால், மணல் புகுந்தால் சிக்கிக்கொள்ளும். ராடின் மேல் 40-80 கிராம் என்பதுபோல அச்சிட்டிருப்பார்கள். அது வீசக்கூடிய எடை. அதைத் தாண்டினால் ராடு முறியலாம்.

கள்ளக்கடல்

தூத்தூர் வட்டார மீனவர்கள் ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் நாடறிந்தவர்கள். அவர்கள் தூண்டிலுக்குக் கம்பே கிடையாது. நீண்ட கயிற்றில் வரிசையாகத் தொங்கும் முட்கள்தான். அப்படிப்பட்டவர்களிலேயே பலரை 2017 ஒக்கி புயல் கொண்டுபோனது.

கரையில் நிற்பவர்களும் பயப்பட வேண்டியது கள்ளக்கடலுக்கு. இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். பல நாள்களுக்கு முன் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசிய புயல் கிளப்பிய அலை, திருடனைப்போல வந்து கரையேறும். மீனவர்களின் இந்தச் சொல்லை 2012-ல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது. 2024 மே 6 அன்று லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களின் உயிரைப் பறித்தது இப்படியான அலைதான். இது பருவமழைக்கு முந்தைய கோடை மாதங்களில் அதிகம். மற்ற மாதங்களில் வராது என்று அர்த்தமில்லை.

கிளம்பும் முன்...

* ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையத்தின் கடல் எச்சரிக்கையைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

* ஈரமாக உள்ள பாறையில் நிற்காதீர்கள். அலை அங்கே வந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

* மீனை எடுக்கக் கீழே இறங்காதீர்கள். நீளக் கைப்பிடி உள்ள வலை கொண்டுபோங்கள். இறங்கித்தான் எடுக்க வேண்டும் என்றால் நரம்பை அறுத்துவிடுங்கள்.

* தனியாகப் போகாதீர்கள். குழந்தைகளைப் பாறைக்குக் கூட்டிப்போக வேண்டாம்.

* வீடு திரும்பியதும் ராடையும் ரீலையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு வளையங்களை அரித்துவிடும்.

நாஞ்சில் நாட்டில் பெரியவர்கள் இளையவர்களை 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்கள். முட்டத்தில் தூண்டிலோடு நிற்கும்போது, 'மக்களே, கீழ எறங்கி வா' என்று ஒரு குரல் கேட்டால், ஏன் என்று கேட்காதீர்கள். மீன் கடித்திருந்தாலும் இறங்கிவிடுங்கள். பாறை மீன் குழம்பை மார்க்கெட்டில் வாங்கிய மீனிலும் வைக்கலாம்!